கங்காணியிடம் சொன்னால் போதுமா?

விடியற்காலையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்திலே நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். மலைமுகட்டில் மூடுபனி இன்னும் கலைந்திராது. கூடையும் தலைத்துணியும் இடுப்பிற் கட்டிய படங்குமாகப் பெண்கள் வந்து கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பெயரேட்டைப் புரட்டுவார். இத்தனை பேர் மேல்மலைக்கு, இத்தனை பேர் ஆற்றோர மலைக்கு, மிகுதிப் பேர் புல் வெட்டுவதற்கு என்று ஆட்கள் பிரிக்கப்படுவார்கள். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கங்காணி ஒவ்வொருவருக்கும் அவரவர் நிரையைக் காட்டிவிடுவார். அதன் பின்னரே கொழுந்து கூடையில் விழத் தொடங்கும்.

தோட்டத்துப் பேச்சை அறியாத நேயர்களுக்காக இங்கே ஒரு வார்த்தை. தேயிலை நட்ட ஒரு பகுதியைத் தோட்டத்தார் 'மலை' என்பார்கள். அதில் ஒருவர் கொழுந்தெடுத்துக்கொண்டே நடந்து செல்லவேண்டிய செடி வரிசையே 'நிரை'. 'பெரட்டு' என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் நாவிற் புகுந்து பெற்ற வடிவம். ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்தனுப்பும் இடம் அது.

இந்தக் கிழமை நாம் எடுத்துக்கொண்ட விஷயம் கணினியைப் பற்றியது. அதற்கும் பெரட்டுக் களத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உங்கள் வீட்டு மேசைமீதுள்ள கணினிக்குள்ளும் ஒரு பெரட்டுக் களம் உண்டு. அங்கே ஒரே வினாடியில் பல நூறு தடவை ஆட்கள் பிரித்தனுப்பப்படுகிறார்கள். அந்தக் களத்தின் சூட்சுமம் ஒன்றை நமக்கு விளக்கி வைத்தவர், கொழுந்தெடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாயார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

ஒரு வீடு, ஒரு கணினி, இரண்டு படிப்பு

கடந்த விடுமுறைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே நமக்கு வேண்டிய குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தாயார் கொழுந்து மலைக்குப் போகிறவர். மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு மாணவன். இளையவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்த லயத்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி; அதுவும் பிறர் பாவித்து விற்றது.

மகன் தன் பட்டப் படிப்புக்கென ஓர் அருமையான வேலையை எடுத்திருந்தான். தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1946ஆம் ஆண்டில் இலங்கைக்குள் புகுந்த பூஞ்சண நோய் அது. மூடுபனியும் ஈரமும் அதற்கு மிக உகந்தவை. செடியின் முற்றிய இலைகளை விட்டுவிட்டு, நாம் எதைக் கிள்ளுகிறோமோ அந்தப் பிஞ்சு இலைகளையே அது பிடிக்கிறது. தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோயைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளையாண்டான் நூற்றுக்கணக்கான இலைகளைப் படம் பிடித்து, நோயுள்ள இலை எது, நோயற்ற இலை எது என்று கணினி தானே இனங்காணும்படி அதற்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பயிற்சிக்கு நீண்ட நேரம் பிடிக்கும். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய கணக்கு, முப்பது மணி நேரம் இடைவிடாது ஓடவேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் முடிவை அனுப்பியாக வேண்டும். அவசரத்தில் ஒரு முக்கியமான காரியத்தை அவன் செய்யத் தவறியிருந்தான். கணக்கை இடையிடையே சேமித்து வைக்க நிரலில் வழி எழுதவில்லை. நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்தது அத்தனையும் பாழ்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தங்கைக்கு இணையவழிக் கணித வகுப்பு. தகப்பனாரின் கைத்தொலைபேசி மூலம் இணையத்தைப் பெற்று, மடிக்கணினித் திரையில் ஆசிரியரின் எழுத்தைப் பார்த்துப் படிப்பது அவள் வழக்கம். அன்றோ ஆசிரியரின் முகம் உறைந்து நின்றது. குரல் அறுந்து அறுந்து வந்தது. இணையத்தின் கோளாறென்றே முதலில் எண்ணினோம். ஆனால் கைத்தொலைபேசியில் தொடர்பு செவ்வையாக இருந்தது. கணினியைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. அதன் நான்கு கருக்களையும் அண்ணனின் நிரலே முழுக்க முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்தினால் அண்ணனின் பத்தொன்பது மணி நேரம் போய்விடும். நிறுத்தாவிட்டால் தங்கையின் வகுப்புப் போய்விடும். "பரவாயில்ல அண்ணா, நான் பிறகு யார்கிட்டயாவது கேட்டு எழுதிக்கிறேன்" என்று அந்தப் பெண் கொப்பியை மூடப் போனாள். இத்தகைய சமயங்களில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பெண்பிள்ளைதான் என்பதை நேயர்கள் அறிவார்கள். நமக்கு மனம் கேட்கவில்லை. "சற்றுப் பொறு, அம்மா, ஒன்றையும் நிறுத்தாமலே இதற்கு வழி உண்டு" என்றோம்.

கருவும் இழையும்

அந்த வழியைச் சொல்லுமுன் கரு என்றால் என்ன, இழை என்றால் என்ன என்று விளக்கிவிடுகிறோம்.

கணினியின் செயலியிலே, கட்டளைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் பகுதிக்குக் கரு என்று பெயர். நெடுங்காலம் ஒரு செயலிக்கு ஒரு கருவே இருந்தது. அதன் வேகத்தை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போனார்கள். வேகம் கூடக்கூட வெப்பமும் கூடிற்று. ஓர் எல்லைக்கு மேல் அந்த வெப்பத்தை வெளியேற்றுவதே பெரும்பாடாயிற்று. ஆகவே ஒரே கருவை மேலும் மேலும் விரட்டுவதை விடுத்து, ஒரே சில்லில் பல கருக்களை அமைக்கலானார்கள். 2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'பவர் 4' என்னும் செயலியில் இரண்டு கருக்களை ஒன்றாக வைத்தது. 2005இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் வீட்டுக் கணினிகளுக்கும் இரட்டைக் கருச் செயலிகளைக் கொண்டுவந்தன. இன்று கைத்தொலைபேசியிற்கூட எட்டுக் கருக்கள் இருப்பது சர்வ சாதாரணம்.

கரு பலவானால் போதாது. வேலையையும் பலவாகப் பிரிக்கவேண்டும். ஒரு நிரல் தன் வேலையைப் பிரித்து ஒரே சமயத்தில் நடத்தும் ஒவ்வொரு கூற்றையும் இழை என்கிறோம். அண்ணனின் நிரலில் கணக்கைச் செய்யும் இழைகள் நான்கு இருந்தன. அவற்றைத் தொடங்கிவைத்து, அவை முடியும்வரை காத்திருக்கும் தலைமை இழை ஒன்றும் இருந்தது.

இந்த இழைகளை எந்தெந்தக் கருவில் எப்போது ஓட்டுவது என்பதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமையின் கடமை. சாதாரணமாக அது இந்த வேலையைத் திறமையாகவே செய்கிறது. ஓர் இழையை முன்பு ஓடிய கருவிலேயே மறுபடியும் ஓட்ட இயன்றவரை முயலும். அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கருவின் பக்கத்திலும் பதுக்கு நினைவகம் என்ற சிறிய, அதிவேகமான நினைவகம் இருக்கிறது. ஓர் இழை அடிக்கடி தொடும் தரவுகள் அங்கே வந்து தங்கியிருக்கும். இழையை வேறு கருவுக்கு மாற்றினால் அந்தத் தரவுகளை அங்கே புதிதாகத் தேடிச் சேர்க்கவேண்டும். கீழ்மலையில் பாதி நிரை எடுத்த ஒருவரை நடுப்பகலில் மேல்மலைக்குப் போகச் சொன்னால் என்ன நடக்கும்? ஏறி நடக்கும் நேரத்தில் ஒரு கொழுந்தும் கூடையில் விழாது அல்லவா?

ஆயினும் சில வேளைகளில், இன்ன நிரல் இன்னின்ன கருக்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்று நாமே வரையறுக்க வேண்டியிருக்கும். அன்று அந்த வீட்டில் வாய்த்தது அத்தகைய வேளை. அண்ணனின் கணக்கை இரண்டு கருக்களோடு நிறுத்திக்கொண்டால், மற்ற இரண்டும் தங்கையின் வகுப்புக்குக் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஓடும்போதே இப்படி ஒதுக்கிவிடலாம் என்பதே இதில் அருமை.

ஒரே எண்ணில் ஓர் உத்தரவு

மகனின் கணினியில் இருந்தது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணிசெயல் முறைமை அது. ஓர் இழைக்கு உரிய கருக்களை வரையறுக்கும் வசதி 2002ஆம் ஆண்டில் அதனுள் சேர்க்கப்பட்டது. அவ்வசதியைக் கட்டளையாகத் தட்டெழுதிப் பயன்படுத்துவதற்கு ராபர்ட் லவ் என்பவர் எழுதிய 'டாஸ்க்செட்' என்ற சிறு கருவி இருக்கிறது.

இதில் மாணவர்கள் ரசிக்கத்தக்க ஒரு கணக்கு உண்டு. கருக்களை எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. 0, 1, 2, 3 என்று எண்ணுவார்கள். அவற்றுக்கு முறையே 1, 2, 4, 8 என்று மதிப்புக் கொடுங்கள். எந்தெந்தக் கருக்களை அனுமதிக்கிறீர்களோ அவற்றின் மதிப்புகளைக் கூட்டுங்கள். 0, 1 ஆகிய இரு கருக்களுக்கு 1 + 2 = 3. 2, 3 ஆகிய இரண்டுக்கு 4 + 8 = 12. நான்கையும் திறந்துவிட்டால் 15. இந்த நான்கு மதிப்புகளில் வேண்டியவற்றைக் கூட்டி 1 முதல் 15 வரை எந்த எண்ணையும் பெறலாம். அதுவும் ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு விதமாகத்தான் பெறமுடியும். ஆகவே ஓர் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் எந்தக் கரு திறந்தது, எது மூடியது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடுகிறது. பூச்சியத்தைக் கொடுத்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஆளை வைத்துக்கொண்டு ஒரு நிரையும் இல்லை என்று சொல்ல அங்கே இடமில்லை.

நாம் பெருமிதத்தோடு கட்டளையைத் தட்டினோம். கணினியும் மரியாதையாகப் பதில் சொல்லிற்று. பழைய எண் 'எஃப்'. பதினாறை அடியாகக் கொண்டு எண்ணும் முறையில் பதினைந்துக்கு அதுவே எழுத்து. புதிய எண் 3. காரியம் முடிந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆசிரியரின் முகமோ அசையவில்லை. குரல் முன்போலவே அறுந்து வந்தது. மறுபடியும் அதே கட்டளையைத் தட்டினோம். மறுபடியும் அதே பதில். உத்தரவு ஏற்கப்பட்டது; ஆனால் ஒன்றும் மாறவில்லை.

தாயாரின் கேள்வி

இத்தனை நேரமும் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் கவனித்திருந்தார் அந்தத் தாயார். "என்னங்க ஐயா, சொல்லியாச்சுன்னீங்க, ஒண்ணும் மாறலையே?" என்று கேட்டார். அவருக்கு விளங்கும் வகையில் எடுத்துச் சொல்ல முயன்றோம். பணிசெயல் முறைமைதான் கணக்கப்பிள்ளை. கருக்கள் நான்கும் நான்கு நிரை. மகனின் நிரல் ஒரு கூட்டம். தலைமை இழை கூட்டத்தின் கங்காணி. மற்றவை கொழுந்தெடுக்கும் ஆட்கள். "நாலு நிரையையும் பிடித்தது போதும், இனி இரண்டே நிரையில் நில்லுங்கள் என்று உத்தரவு போட்டோம்" என்றோம்.

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "யாருகிட்டச் சொன்னீங்க? கங்காணிகிட்டயா, ஆளுங்ககிட்டயா?"

நாம் விழித்தோம். "கங்காணிகிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? நிரையில நிக்கிற ஆளுங்களுக்குச் சொல்ல வேணாமா? அவரா கொழுந்து எடுக்கிறாரு?" என்றார் அவர்.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. லினக்ஸில் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி எண் உண்டு. நிரலின் எண்ணென்று நாம் சொல்லுவது அதன் தலைமை இழையின் எண்ணே. அந்த எண்ணை மாத்திரம் கொடுத்து உத்தரவிட்டால், உத்தரவு அந்த ஓர் இழையைத்தான் கட்டும். அன்று அந்தத் தலைமை இழை வேலையொன்றும் செய்யாமல், மற்றவை முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. சும்மா நின்ற கங்காணியை இரண்டு நிரைக்குள் அடக்கிவிட்டு நாம் வெற்றி கொண்டாடினோம். உண்மையில் வேலை செய்த நால்வரும் நான்கு நிரைகளிலும் முன்போலவே நின்றார்கள்.

பரிகாரம் ஓரெழுத்துத்தான். டாஸ்க்செட் கட்டளையோடு 'ஏ' என்ற எழுத்தைச் சேர்த்தால், அந்த நிரலின் எல்லா இழைகளுக்கும் உத்தரவு போகும். 'சி' என்ற எழுத்தையும் சேர்த்துக்கொண்டால் மேலே சொன்ன கூட்டல் கணக்கும் வேண்டாம். 0-1 என்று கருக்களின் எண்ணையே எழுதலாம். அப்படியே செய்தோம். ஒவ்வோர் இழையும் பெயர் கூப்பிட்டாற்போல வரிசையாகத் திரையில் வந்தது. சில நொடிகளில் ஆசிரியரின் முகம் அசைந்தது, குரல் தெளிந்தது. அந்தப் பெண் கொப்பியைத் திறந்துகொண்டாள்.

அண்ணனின் கணக்கு நிற்கவில்லை. நான்கு இழைகளும் இரண்டு கருக்களில் முறை வைத்து ஓடின. வேகம் ஏறத்தாழப் பாதியாயிற்று. வகுப்பு இரண்டு மணி நேரம். ஆகவே பின்தங்குவது ஒரு மணி நேரத்து வேலைதான். ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளை கொடுத்த விலை அவ்வளவே.

நினைவிற் கொள்ளவேண்டியவை

இதைத் தம் கணினியிற் செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் சொல்லவேண்டும்.

உத்தரவு போட்டதோடு நில்லாமல், அது நடைமுறைக்கு வந்ததா என்று பாருங்கள். லினக்ஸில் 'டாப்' என்ற கருவியைத் திறந்து பெரிய 'எச்' எழுத்தைத் தட்டினால் இழைகள் தனித்தனியே தெரியும். ஓர் இழை புதிதாக ஓர் இழையைப் பிறப்பித்தால், பிறந்தது தாயின் வரம்பையே தானும் பெறும். ஆதலால் நிரலைத் தொடங்கும்போதே டாஸ்க்செட் மூலம் தொடங்குவது உத்தமம்; பின்னால் ஒவ்வொருவராகத் தேடிச் சொல்லவேண்டியதில்லை. தொடங்கிவிட்ட நிரலானால், உத்தரவு போய்க்கொண்டிருக்கும் தறுவாயில் பிறந்த இழையொன்று தப்பிவிடக்கூடும். எனவே இரண்டாந்தரமும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இரண்டாவது, கருக்களின் எண்ணிக்கையைக் கண்டு ஏமாறலாகாது. சில செயலிகளில் ஒரே கரு தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்ளும். இரண்டு இழைகள் அதனுள் ஒரே சமயத்தில் ஓடும். ஆனால் உள்ளுறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும். அத்தகைய கணினியில் நான்கு என்று தெரிவது உண்மையில் இரண்டாக இருக்கலாம். 'எல்.எஸ்.சி.பி.யு.' என்ற கட்டளை இந்த உண்மையைச் சொல்லிவிடும். ஒரே கருவின் இரு பாதிகளை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் இருவருக்கும் நெருக்கடிதான்.

மூன்றாவது, பணிசெயல் முறைமைக்கேற்ப உத்தரவின் வீச்சும் மாறும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் மூலம் ஒரு நிரலுக்குக் கருக்களை ஒதுக்கினால் அது அந்நிரலின் எல்லா இழைகளையும் கட்டும். அங்கே பழகியவர்கள் லினக்ஸுக்கு வரும்போதுதான் நம்மைப்போல் இடறி விழுகிறார்கள்.

நான்காவது, டாஸ்க்செட் போடும் வரம்பு வேலியன்று. சொல்லி வைத்த கட்டளை மாத்திரமே. ஒரு நிரல் விரும்பினால் தன் வரம்பைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளலாம். தாண்டமுடியாத வேலி வேண்டுமானால் லினக்ஸில் 'சிபியுசெட்' என்ற வேறோர் ஏற்பாடு உண்டு. பலர் ஒரே பெருங்கணினியைப் பங்கிட்டு வேலைசெய்யும் ஆராய்ச்சிக் கூடங்களில் அது மிகவும் பயன்படும். மற்றவர்களுடைய நிரல்களை உங்கள் இஷ்டப்படி ஒதுக்கவும் முடியாது. அதற்கு நிருவாகியின் அதிகாரம் வேண்டும்.

கடைசியாக, கருவை ஒதுக்குவதைவிட முன்னுரிமையைக் குறைப்பது பல வேளைகளில் மேலான வழி. 'நைஸ்' என்ற கட்டளையால் தொடங்கிய நிரல், மற்றவர்க்கு வேலை இருக்கும்போது விட்டுக்கொடுக்கும். இல்லாதபோது எல்லாக் கருக்களையும் எடுத்துக்கொள்ளும். ஓடும் நிரலுக்கு 'ரீநைஸ்' என்பது கட்டளை. ஆனால் லினக்ஸில் அதுவும் இழைதோறும் தனித்தனியே செல்லுபடியாவது. அங்கேயும் கங்காணியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது.

அவிழ்க்க மறந்த கட்டு

கதை இன்னும் முடியவில்லை. நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தது. தேநீர் அருந்தி, ஊர்க் கதை பேசி, நாம் பஸ் ஏறிவிட்டோம். முந்திய இரவு கண்விழித்த மகன் அயர்ந்து தூங்கிவிட்டான். கணக்கு இரண்டே கருக்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. போட்ட உத்தரவை நீக்கவேண்டும் என்ற நினைவு, அதைப் போட்ட நமக்கும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு, பாடத்தை முடித்துக் கொப்பியை அடுக்கப் போன தங்கைதான் திரையைப் பார்த்திருக்கிறாள். "அண்ணா, எழும்பு! என் நிரை ரெண்டும் சும்மா கிடக்குதே!" என்று அவனை எழுப்பியிருக்கிறாள். அவன் எழுந்து வருவதற்குள், பகலில் நாம் தட்டியதைப் பார்த்துக் குறித்துவைத்திருந்த கட்டளையை எடுத்து, 0-1 என்றிருந்த இடத்தில் 0-3 என்று திருத்தித் தானே தட்டிவிட்டாள். 'ஏ' என்ற எழுத்தையும் அவள் மறக்கவில்லை.

கணக்குப் பார்ப்போம். இரண்டு மணிக்குள் பத்தொன்பது மணி நேரத்து வேலை முடிந்திருந்தது. அதன்பின் ஏழு மணி நேரம் பாதி வேகத்தில் ஓடியதால் மூன்றரை மணி நேரத்து வேலை சேர்ந்தது. ஆக இருபத்திரண்டரை. மிச்சம் ஏழரை மணி நேரம். முழு வேகத்தில் ஓடினால் விடியற்காலை நாலரைக்கு முடியும். பாதி வேகத்திலேயே விட்டிருந்தால் திங்கள் நண்பகல் ஆகியிருக்கும். தவணையோ காலை எட்டு மணி. தாயார் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் மகன் தன் முடிவுகளை அனுப்பிவிட்டான் என்பதை மறுநாள் தொலைபேசியில் அறிந்து நாம் பெருமூச்சு விட்டோம்.

இந்த மலைகளில் ஒரு காலத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடன் அந்தத் துண்டில் எழுதப்பட்டிருக்கும். கடன் தீர்ந்தாலொழிய அவர் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. மனிதரைத் தோட்டத்தோடு பிணைத்த அந்த முறையைச் சட்டம் ஒழித்தது 1921ஆம் ஆண்டில்தான். யந்திரத்தின் கருவோடு ஓர் இழையைப் பிணைப்பதில் பாவமில்லை. ஆயினும் பிணைத்தவன் காரியம் முடிந்ததும் அவிழ்க்க மறந்துவிடுவான் என்பதையும், பாதிக்கப்படுவோரே அதைக் கண்டு குரல் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். அன்றிரவு குரல் கொடுத்தவளோ பாதிக்கப்பட்டவளல்லள். தன் பங்கு சும்மா கிடக்கப் பொறுக்காதவள்.

மாணவ நேயர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நான்கு கருக்கள் கொண்ட கணினியில் 1, 3 என்ற எண்ணுள்ள கருக்களை மட்டும் அனுமதிக்க வேண்டுமானால் எந்த எண்ணைக் கொடுக்கவேண்டும்? எட்டுக் கருக்கள் இருந்தால் எல்லாவற்றையும் திறக்கும் எண் எது? வீட்டிலுள்ளோர் கூடியிருந்து கண்டுபிடித்து வையுங்கள். அடுத்த கிழமை விடையோடு சந்திப்போம்.